பொருந்தாத கடி

ஞாயிறு, காலை ஐந்தே முக்கால்.
அத்திடியச் சதுப்பின் ஓரம்,
முழங்கை இரண்டும் சேற்றில்.
கமராவுக்கு மட்டும்
அரிசிப்பையில் தைத்த தலையணை.

மற்ற ஆறு நாளும்
வெள்ளவத்தையில், பல் வைத்தியரின் பின்னறையில்
செயற்கைப் பல் கட்டுகிறேன்.
மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்துகிறதா,
நடுவில் ஒரு மயிர் நுழைய இடமிருக்கிறதா,
இருந்தால் உரசு,
திருப்பி உரசு.
பஸ்ஸில் எதிரே இருப்பவரின்
முகம் நினைவில் நிற்காது.
வாய் நிற்கும்.

ஆகவே அந்த நாரையை
முதன்முதல் லென்சுக்குள் கண்டபோது
தொழில்தான் முந்திக்கொண்டது:
கடி சரியில்லை.
அலகு நுனியில் சேர்கிறது, அடியில் சேர்கிறது,
இடையில்
பாக்குவெட்டிக்குள் தெரிவதுபோல் ஆகாயம் தெரிகிறது.
எவர் செய்து கொண்டுவந்தாலும்
திருப்பி அனுப்பியிருப்பேன்.

குஞ்சுக்கு இந்த இடைவெளி இல்லையாம்.
நேர் அலகோடு பொரித்து
வளர வளரத்தான் விலகுகிறதாம்.
இதை வாசித்த இரவு
எனக்கு நித்திரை வரவில்லை.

ஆறு எட்டு.
சல்வீனியாவை விலக்கி
கண் வரைக்கும் தலையைத் தண்ணீருக்குள் விடுகிறது.
கழுத்து மட்டும் வெளியே நடுங்குகிறது,
இருட்டில் பூட்டைத் துழாவுகிற கை மாதிரி.
அமுக்குகிறேன்.
அமுக்கிக்கொண்டே இருக்கிறேன்.
எல்லாவற்றிலும் கலங்கல் தண்ணீர்,
தலையில்லாத ஒரு பறவை.
பிறகு சட்டென்று நிமிரும்.
தொண்டை வழியே ஒரு சின்னக் கட்டி இறங்கும்.
நடுவில் நடந்தது
தண்ணீருக்குத்தான் தெரியும்.

பொரளையிலிருந்து வரும் டில்ஷான் சொல்வான்:
வாளியில நாலு மீன் விடு மச்சான்,
மீன்கொத்தி உன்ர மடியில வந்து குந்தும்.
அவன் படங்கள் கூர்மை.
சொண்டில் தொங்கும் துளியை எண்ணலாம்.
எனக்கு ஏனோ
வாளியின் விளிம்பை வெட்டி நீக்கிய இடம்தான்
கண்ணில் படுகிறது.

வரம்பில் மோட்டார் சைக்கிள் நின்றது.
பொலிஸ்காரர் கேட்க முன்னமே
என் கை சட்டைப்பைக்குப் போய்விட்டது.
முப்பது வருசப் பழக்கம், கைக்கு மறதியில்லை.
சேறு அப்பிய அடையாள அட்டையில்
கே, தா, ர வரை வாசித்து
மிச்சத்தைக் கைவிட்டார்.
இவ்வளவு நீளக் குழாய் எதற்கு?
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
தண்ணீர்.
தண்ணீர்.
தலையில்லாத பறவை.
பன்னிரண்டாவது படத்தில் தலை இருந்தது.
குனிந்து பார்த்தவர்
"விவரதுடுவா" என்றார்,
வீதியில் தெரிந்தவரைக் கண்டதுபோல்.
சொண்டில் வெளி உள்ளது என்று அர்த்தம்.
எங்களுக்கு நத்தைகுத்தி நாரை, என்றேன்.
என் ஓட்டைச் சிங்களத்தில்
நத்தைக்கு விரலைச் சுருட்டிக் காட்டவேண்டியிருந்தது.
ஒரே பறவை.
அவர்கள் இடைவெளியைப் பார்த்திருக்கிறார்கள்,
நாங்கள் சாப்பாட்டை.

சிரித்தார்.
சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்தினார்.
மேல்வரிசை, இடப்பக்கம், இரண்டாவது இல்லை.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அட்டையைத் தன் காற்சட்டையில் துடைத்துத் தந்துவிட்டு
இரத்மலானைப் பக்கம் போனார்.

வெயில் ஏற, நாரை இடம் மாறியது.
அது நின்ற சேற்றில் ஒரு நத்தை ஓடு.
கீறல் இல்லை, உடைவில்லை,
உள்ளே ஆளில்லை.
கழுவிப் பைக்குள் போட்டேன்.
இருநூற்றுப் பதினேழு படம்.
ஒன்றிலும் நத்தை இல்லை.

நாளைக்குப் பம்பலப்பிட்டி மிஸிஸ் அருளம்பலம்
கீழ்ச்செட் போட்டுப் பார்க்க வருவா.
நாலாவது தடவை.
கடியுங்கோ என்பேன். இன்னும் கொஞ்சம் என்பேன்.
இல்லை,
என்ன சாப்பிடுறனீங்கள் என்று
முதலில் கேட்கவேண்டும்.